வண்டித் தண்ணி

உடையன்தேரிக்கு நல்ல தண்ணீர் வந்தது ஒரு மாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், சந்தனமாரியின் பழைய பிக்கப் வண்டியின் ரேடியேட்டருக்குள்ளிருந்து. அதற்கு முன்னால் அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புதான் ஊறியது. பத்தடியில் நாக்கு சுருங்கும் உப்பு, நூறடியில் தொண்டை எரியும் உப்பு, கோயிலுக்குப் பின்னால் முந்நூறடிக்குப் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் கடலே நேரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வாரத்துக்கு இரண்டு நாள் டேங்கர் லாரி வரும், வீட்டுக்கு மூன்று குடம் கொடுக்கும், மிச்ச நாளெல்லாம் உப்பைக் குடித்து, உப்பில் குளித்து, உப்பளத்தில் உப்பை வாரி, நாற்பது வயதுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் விலாவுக்குக் கீழே கல் சேர்ந்து, வலி எடுக்கும்போது பாயை விட்டுத் தரையில் இறங்கிப் புரண்டு, சிலர் பிழைத்து, சிலர் சிறுநீரகம் ரெண்டும் சுருங்கிச் செத்துப்போனார்கள். சந்தனமாரியின் புருஷன் அப்படித்தான் போனான். போகும்போது அவளுக்கு விட்டுப்போனது அந்த வண்டியைத்தான்.

வண்டிக்கு அப்போதே பதினாறு வயது. உப்பளத்திலிருந்து டவுனில் இருக்கும் பாக்கெட் போடும் செட்டுக்கு உப்பு மூட்டை ஏற்றிப் போகும் வண்டிக்கு ஆயுசு குறைவு. உப்பு தகரத்தைத் தின்னும், தகரம் தீர்ந்தால் போல்ட்டைத் தின்னும், போல்ட்டும் தீர்ந்தால் ஒயருக்குள் புகுந்து செம்பைப் பச்சையாக்கும். டவுன் ஒர்க்‌ஷாப்பில் ரெண்டு நாள் வேலைக்கு எட்டு நாள் நிறுத்திவைத்து, பொம்பளைக்கு எதுக்கு வண்டி என்று காதுபடப் பேசியதில், சந்தனமாரி ஸ்பானரைத் தானே கையில் எடுத்தாள். தாலி அறுத்த வருஷமே ஓட்டப் படித்தவள் அடுத்த வருஷம் பிரேக்கில் காற்று எடுக்கப் படித்தாள், அதற்கடுத்த வருஷம் கிளட்ச் பிளேட் மாற்றப் படித்தாள். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன்னால் பானெட்டைத் தூக்குவாள். ஆயில் குச்சியை உருவித் துடைத்துத் திரும்ப விட்டு உருவிப் பார்ப்பாள், ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பாள், பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி கிரீஸ் தடவுவாள், பிறகு மண்ணில் மல்லாந்து வண்டிக்கடியில் புகுந்து வில்லுப் பட்டைகளுக்கெல்லாம் பழைய ஆயிலைப் பூசிவிட்டு வெளியே வருவாள். ஆறு வருஷமாக ஒரு நாள் தவறவில்லை. உப்பு ஒரு பக்கம் தின்றுகொண்டே இருந்தது, அவள் ஒரு பக்கம் பூசிக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டு வயதாகியும் வண்டி ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமை ரேடியேட்டரைக் கழுவலாம் என்று அடியிலிருக்கும் வடிகால் திருகைத் திறந்தாள். முதலில் செம்மண் நிறத்தில் துரு வந்தது, பிறகு தெளிந்தது, தெளிந்தபின் நிற்கவில்லை. ஏழு லிட்டர் பிடிக்கும் ரேடியேட்டர் ஒரு வாளி நிறைத்தது, ரெண்டு வாளி நிறைத்தது, துணி அலசும் தொட்டியை நிறைத்தது. ஹெட் கேஸ்கெட் போய் ஆயில் கலந்திருக்கிறதோ என்றுதான் சந்தனமாரிக்கு முதலில் சந்தேகம் வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், பிசுக்கு இல்லை. நாக்கில் வைத்தாள். வைத்தவள் அப்படியே மண்ணில் கிடந்தபடி திருகுக்கு நேரே வாயைக் காட்டினாள்.

அவள் செய்த அடுத்த காரியம், ஒரு செம்பில் பிடித்து வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் முப்பிடாதியிடம் கொண்டு போனது. முப்பிடாதியும் அவளும் ஒரே உப்பளத்தில் ஒன்றாகத் தலைச்சுமை தூக்கியவர்கள், ஒருத்தியை ஒருத்தி மயினி என்று கூப்பிடுகிறவர்கள், புருஷன் செத்த வீட்டில் பதினாறு நாளும் சந்தனமாரிக்குப் பிசைந்து ஊட்டியவள் முப்பிடாதிதான். ஏற்கெனவே ரெண்டு தடவை கல் வலி வந்து டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தாள்.

முப்பிடாதி செம்பை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு, “எந்தூர்த் தண்ணி மயினி?” என்றாள்.

“நம்ம வண்டித் தண்ணி.”

“இன்னும் இருக்கா?”

“நிக்க மாட்டேங்கு.”

“அப்ப குடத்தை எடுக்கேன்,” என்று முப்பிடாதி உள்ளே போனாள். வண்டிக்குள் எப்படித் தண்ணீர் வரும் என்று அவள் கேட்கவில்லை. ஊரிலும் ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பச்சைக் குடமும் மஞ்சள் குடமும் சிவப்புக் குடமுமாகத் தெருக்கோடி வரைக்கும் வரிசை போய்விட்டது. ஊர் கேட்டதெல்லாம் யாருக்கு முன்னால் யார் வந்தது, குடத்தை வைத்துவிட்டுப் போனால் அது இடம் பிடித்ததாகுமா, ஆள் நின்றால்தான் கணக்கா என்பதைத்தான். சண்டை முற்றி ரெண்டு குடம் உடைந்தபின் ஊர்க் கமிட்டித் தலைவர் தங்கப்பழம் அண்ணாச்சி வந்தார். மூன்று தெருவுக்கும் ஒரே பலசரக்குக் கடை அவருடையது, ட்ராக்டரும் அவருடையது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தெருவுக்கு ஒரு மணி நேரம்,” என்று சொன்னார், வரிசை அடங்கியது.

சந்தனமாரிக்கு அதில் மனக்குறை இல்லை. விடிந்ததும் ரெண்டு மணி நேரம் திருகைத் திறந்துவிடுவாள், ஊர் பிடித்துக்கொள்ளும், பிறகு திருகை முடுக்கிவிட்டு உப்பளத்துக்குக் கிளம்பிவிடுவாள், சாயங்காலம் வந்து இன்னும் ஒரு மணி நேரம் திறப்பாள். வண்டி ஓடிவிட்டு வந்த நாளில் தண்ணீர் வேகமாக வருவதையும், ஞாயிற்றுக்கிழமை ஓடாமல் நின்றால் திங்கட்கிழமை காலையில் கொஞ்சம் மந்தமாக வருவதையும் ரெண்டாவது வாரமே கவனித்துவிட்டாள். பாரம் ஏற்றி மேட்டில் இழுத்துவிட்டு வந்தால் பனங்கற்கண்டு கரைத்தது மாதிரி இருந்தது. கிரீஸ் அடிக்க விட்டுப்போன ஒரு நாளில் லேசாகச் சவர்த்தது. அதனால் அவள் முன்னைவிட ஒழுங்காக வண்டிக்கடியில் படுத்தாள்.

ரெண்டு மாதத்தில் ஊர் மாறிவிட்டது. பிள்ளைகளின் பல்லில் மஞ்சள் குறைந்தது, கல்யாணமாகி வந்த பெண்கள் தலைமுடி உதிர்வது நின்றது, பருப்பு வெந்தது. முப்பிடாதி விலாவைப் பிடித்துக்கொண்டு குனிவதை விட்டுவிட்டு நிமிர்ந்து நடந்தாள். ஒரு நாள் தாலுகா அலுவலகத்திலிருந்து ஒருவர் ரிஜிஸ்டரோடு வந்து, வரிசையைப் பார்த்து, ஒரு டம்ளர் வாங்கிக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, குடிநீர் ஆதாரம் என்ற கட்டத்தில் ‘உள்ளது’ என்று எழுதினார். அடுத்த வாரத்திலிருந்து டேங்கர் லாரி வரவில்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

பிரச்சினை உப்பளத்தில் ஆரம்பித்தது. மூட்டை ஏற்றும்வரை வண்டி வரப்பில் நிற்கும். அங்கே பக்கத்து ஊர்க்காரர்கள் நூறு பேர் வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் பாட்டிலை நீட்டிய ஆளுக்கு இல்லை என்று சொல்ல சந்தனமாரிக்கு வரவில்லை. அவர்களுக்கும் திறந்துவிட்டாள். சேதி உடையன்தேரிக்கு வந்தபோது, ஊரில் தண்ணீர் ஒரு சொட்டும் குறைந்திருக்கவில்லை, ஆனாலும் ஊர் பதறிப்போனது. நம்ம தண்ணி ஊர் ஊராய்ப் போகுது என்று கடையில் பேசினார்கள், கிணற்றடியில் பேசினார்கள். நாளைக்கே வழியில் எவனாவது வண்டியை மறித்து எடுத்துக்கொண்டால் நம் கதி என்ன என்றும் பேசினார்கள். சித்திரை கடைசியில் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள்.

“வண்டி இனிமே ஊரை விட்டுப் போகக் கூடாது,” என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி. “கோயில் பக்கத்துல நிறுத்தி, செட்டு போட்டு, குழாய் மாட்டிருவோம். பொதுச் சொத்து மாதிரி.”

சந்தனமாரி எழுந்து நின்றாள். “அண்ணாச்சி, அது ஓடுத வண்டியாக்கும். ஓடுததாலதான் தண்ணி வருது. நிறுத்துனா அது செத்துப் போவும்.”

“கிணறு ஓடுதா? குளம் ஓடுதா? நிக்கித இடத்துலதானம்மா தண்ணி இருக்கு?”

கூட்டம் சிரித்தது.

“நான் எதை வச்சுப் பொழைக்க?”

“ஊர் இருக்கு. ஊரு உன்னை விட்டுருமா?” என்றவர், கூட்டத்தைப் பார்த்து, “சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க,” என்றார்.

கைகள் எழுந்தன. சந்தனமாரி முப்பிடாதியைத்தான் பார்த்தாள். முப்பிடாதி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமல், வலி இல்லாத விலாப் பக்கத்துக் கையை மெதுவாகத் தூக்கினாள்.

மறுநாள் உச்சி வெயிலில் எட்டு ஆள் வந்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, வண்டியைக் கருங்கல்லின் மேல் உட்காரவைத்து, சந்தனமாரி ராவோடு ராவாக ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாதென்று நாலு சக்கரத்தையும் கழற்றிக் கமிட்டி அறையில் பூட்டினார்கள். பேட்டரியைக் கழற்றிக் கோயில் ஒலிபெருக்கிக்கு மாட்டினார்கள். திருகு இருந்த இடத்தில் பித்தளைக் குழாய் வைத்தார்கள், மேலே தகரக் கொட்டகை போட்டார்கள், பானெட்டில் மஞ்சள் பூசி மூன்று இடத்தில் குங்குமம் வைத்தார்கள், ரேடியேட்டர் முகப்புக்குச் செவ்வாய் தோறும் சந்தனக் காப்பு சாத்தினார்கள். தினமும் காலையில் சந்தனமாரி கிரீஸ் கன்னோடு வந்து நிற்பாள்.

“அரை மணி நேரம் இன்ஜினை மட்டும் ஓட விடுங்க, போதும். ஆயிலாவது மாத்திவிடுதேன்.”

“பொகை தண்ணியில எறங்கும்,” என்பார்கள். “செருப்பைக் கழட்டிட்டு அங்கன நில்லு. சாமி நிக்கித எடத்துல அழுக்கெண்ணெயோட வராத.”

ஊர் இருக்கு என்று சொன்ன ஊர், முதல் வாரம் அவள் வீட்டுக்கு அரிசி அனுப்பியது, ரெண்டாவது வாரம் மறந்துபோனது. சந்தனமாரி ஆறு வருஷம் கழித்துத் திரும்பவும் உப்பளத்துக்கு நடந்து போய்ப் பாத்தியில் இறங்கினாள். பாதம் வெடித்தது, வெடிப்புக்குள் உப்பு இறங்கியது. தண்ணீர் பிடிக்க மட்டும் எல்லாரோடும் வரிசையில் நின்றாள், தன் வண்டிக்கு முன்னால், தன் தெருவுக்கான ஒரு மணி நேரத்தில்.

வைகாசி முழுக்கத் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. ஆனியில் ஒரு சவர்ப்பு தெரிந்தது. தெரிந்ததை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆடியில் துரு நிறத்தில் வந்தது. இரும்புச்சத்து ரத்தத்துக்கு நல்லது என்று சொல்லி, வேட்டித் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். ஆவணி முதல் செவ்வாய்க்கிழமை சந்தனக் காப்பு சாத்தும்போது குழாயிலிருந்து கடல்தண்ணீர் மாதிரி ஒரு செம்பு வந்தது, பிறகு வரவில்லை.

ஊர் மூன்று நாள் பூசை போட்டது. நாலாம் நாள் தங்கப்பழம் அண்ணாச்சி பத்துப் பேரோடு சந்தனமாரியின் வாசலுக்கு வந்தார்.

“என்னம்மா பண்ணுன?”

“நான் என்ன பண்ணுனேன்? என்னைய ஒண்ணும் பண்ண விடலியே நீங்க.”

“மனசுக்குள்ளயே கருவிக்கிட்டு இருந்திருக்க. ஊர்க் கண்ணு ஒண்ணும் பண்ணாது, உரிமைக்காரி கண்ணு பட்டாத்தான் வத்தும்.” கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். “உன் வண்டிய நீயே வச்சுக்க. பழையபடி வர வைக்கது உன் பொறுப்பு.”

அப்படித்தான் வண்டி அவளிடம் திரும்பி வந்தது. சக்கரத்தில் ரெண்டு தங்கப்பழம் அண்ணாச்சியின் டிரெய்லரில் ஓடித் தேய்ந்திருந்தது, ஒலிபெருக்கிக்கு மாட்டிய பேட்டரி பாதி செத்துத் திரும்பியது, ஸ்டெப்னியைக் காணவே இல்லை. தள்ளிவிட ஊரில் ஆள் வரவில்லை. உப்பளத்தில் அவளிடம் பாட்டில் நீட்டிய பக்கத்து ஊர்க்காரர்கள்தான் நாலு பேர் வந்து, கயிறு கட்டி, அவள் வாசல் வரைக்கும் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முப்பிடாதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியும் பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது. டேங்கர் லாரிக்கு எழுதிப் போட்டதற்கு, உங்கள் ஊரில்தான் ஆதாரம் உள்ளதே என்று பதில் வந்தது. ஊர் மறுபடியும் உப்பைக் குடித்தது. மூன்று மைல் நடந்து ஒரு குடம் கொண்டுவந்தவர்கள் அதை மூடிவைத்துக் கைக்குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். சந்தனமாரி வண்டியைப் பிரித்தாள். இன்ஜின் இறுகிப்போயிருந்தது, இஞ்செக்டரைக் கழற்றி, துளை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, எட்டு நாள் ஊறவிட்டு, நீளக் கம்பியை ஸ்பானரில் மாட்டி, உடம்பு முழுவதையும் அதில் தொங்கவிட்டு, நெல்லளவு நெல்லளவாகச் சுற்றினாள். ஏர் ஃபில்டருக்குள் எலி குட்டி போட்டிருந்தது. பிரேக் டிரம் நாலும் துருவேறிக் கழன்று வர மறுத்தன, சுத்தியலால் தட்டித் தட்டித் தோள் இறங்கிவிட்டது. எல்லாவற்றையும்விட ரேடியேட்டர்தான் பாடாய்ப் படுத்தியது. வாரா வாரம் சாத்திய சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் தகட்டு இடுக்கெல்லாம் இறுகிக் காறையாகியிருந்தன. தையல் ஊசியை எடுத்து ஒவ்வொரு இடுக்காகக் குத்தி எடுத்தாள், கார்த்திகை முழுக்க அந்த ஒரு வேலை. பழைய இரும்புக் கடையில் வேறு ரேடியேட்டர் கிடைக்கும், மாட்டிவிடேன் என்று உப்பளத்து ஆள் ஒருவர் சொன்னார். அவள் கேட்கவில்லை.

தை பிறந்து உப்பு வேலை தொடங்கும் வாரம் வண்டி இருமி, நடுங்கி, கருப்பாகப் புகைவிட்டு, உயிர் பெற்று உறுமியது. சத்தம் கேட்டு ஊரே குடத்தோடு வந்துவிட்டது. தெருவாரியாக வரிசையில் நின்றார்கள். சந்தனமாரி மண்ணில் படுத்துத் திருகைத் திறந்தாள். அவள் காலையில் ஊற்றிய உப்புத் தண்ணீரே சூடாக ஒரு வாளி வந்தது. பிறகு நின்றது.

“உள்ள அழுக்கு இருந்தா எப்படி வரும்?” என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி. ரேடியேட்டரைச் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது. வெறுங்குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தத்தோடு வரிசை கலைந்தது. போகும்போது ஒருத்தி அவள் வாசலில் துப்பிவிட்டுப் போனாள்.

இத்தனை மாதம் ஓடவில்லை, அதனால் வரவில்லை என்று சந்தனமாரிக்குத் தெரியும். சொன்னால் கேட்கும் காது அங்கே இல்லை என்பதும் தெரியும். அவள் பாட்டுக்குக் காலையில் பானெட்டைத் தூக்கினாள், அடியில் படுத்தாள், பாரம் ஏற்றினாள், மேட்டில் இழுத்தாள். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், உப்பளத்தைத் தாண்டி ஆள் நடமாட்டமில்லாத கடற்கரைச் சாலையில் உடைமர நிழலில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறுவதற்குக் காத்திருந்து, திருகைத் திறந்தாள். துரு வந்தது. தெளிந்தது. நிற்கவில்லை. வாயைக் காட்டிக் குடித்தாள், முகம் கழுவினாள், வெடித்த பாதத்தை நனைத்தாள், உட்கார்ந்து அழுதாள். பிறகு திருகை முடுக்கிவிட்டு ஊரைப் பார்த்து விரட்டினாள். எப்படிச் சொல்வது என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோயில் முன்னால் நிறுத்தி ஹார்னை அடிக்கலாம், எல்லாரும் வரட்டும், முதல் குடம் முப்பிடாதிக்கு.

ஊர் முகப்பில், கோயிலை ஒட்டி, அந்தத் தகரக் கொட்டகை நின்றது. பக்கத்தில் முப்பிடாதி, விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு, இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றாள். மாதக் கணக்குக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

“வந்துதா மயினி?”

ஆமா என்று சொல்லத்தான் சந்தனமாரி வாயெடுத்தாள்.

“இல்ல,” என்றாள்.

சொன்னது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் கடைவாசலில் யாரோ கேட்டார்கள், இல்ல என்றாள். மூன்றாம் நாள் சொல்வது சுலபமாக இருந்தது. பத்தாம் நாள், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் ‘இல்ல’ என்றே சொல்ல வேண்டியதாயிற்று. தினமும் மத்தியானம் உடைமரத்தடியில் வயிறு நிறையக் குடித்தாள். உப்பளத்துக்காரர்களுக்கும் கொடுக்கவில்லை; கொடுத்தால் சேதி ஊருக்கு வந்துவிடும். கொடுத்ததால்தானே எல்லாம் போனது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் முகம் தெளிந்து வருவதை ஊர் பார்த்தது, பார்த்துவிட்டு, திமிர் என்றது.

பங்குனியில் முப்பிடாதிக்கு வலி வந்தது. சித்திரையில் காலும் முகமும் வீங்கி, அவள் புருஷன் மாகாளி அவளை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ரெண்டும் சுருங்கிவிட்டது, இனி நாளை எண்ண வேண்டியதுதான் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நிறையக் கொடுக்கக் கூடாது, நாக்கு வறண்டால் ரெண்டு மடக்கு கொடுக்கலாம் என்றார்கள். உப்பு ஏற்றி டவுனுக்குப் போகும் வழியில் சந்தனமாரி உடைமரத்தடிக்கு மூன்று தடவை போய், மூன்று தடவையும் பாட்டிலில் பிடித்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து, அந்தத் தண்ணீரின் ருசி ஊருக்கே தெரியுமே என்று நினைத்து, வேப்பமர மூட்டில் ஊற்றிவிட்டுத் திரும்பினாள். நாலாவது தடவை உள்ளே போனாள்.

முப்பிடாதி பாதிக் கண்ணைத் திறந்து பார்த்தாள். “வா மயினி,” என்றாள். பிறகு, “என்ன கொண்டாந்த?”

“தண்ணி. கடையில வாங்குனேன்.”

மாகாளி தலையைத் தாங்கிப் பிடிக்க, சந்தனமாரி பாட்டிலின் வாயை அவள் உதட்டில் வைத்தாள். ஒரு மடக்கு இறங்கியது. முப்பிடாதியின் கண் முழுசாகத் திறந்தது. சந்தனமாரியைப் பார்த்தாள், வெகுநேரம், இமைக்காமல், உதட்டில் ஈரத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தாள். இதோ கேட்கப்போகிறாள் என்று சந்தனமாரி நின்றாள். கேட்டுவிட்டால் நல்லது என்றும் நின்றாள்.

முப்பிடாதி தலையைப் புருஷன் பக்கம் திருப்பி, “பாத்தியளா,” என்றாள், “கடையிலயும் நல்ல தண்ணி விக்கான்.”

இன்னொரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வைகாசி ரெண்டாம் தேதி விடிகாலையில் செத்துப்போனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து சுடுகாட்டுக்கும் சந்தனமாரியின் வண்டிதான் அவளைத் தூக்கிப் போனது. ஊர் அதற்கு மட்டும் மறுப்புச் சொல்லவில்லை. பின் தட்டைக் கழுவி, உப்புக் கறையைச் சுரண்டி, வைக்கோல் பரப்பி, வேட்டி விரித்து, ஒரு குலுக்கல் இல்லாமல் மெதுவாக ஓட்டிப் போனாள். குளிப்பாட்டியது கிணற்று உப்புத் தண்ணீரில். கொள்ளிக்குடத்தில் இருந்ததும் அதேதான்.

எல்லாம் முடிந்து சனம் கலைந்தபிறகு மாகாளி அவளிடம் வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மொட்டையடித்த தலையில் தண்ணீர் காய்ந்து உப்பு பூத்திருந்தது.

“கடைசியா ஒரு வாய் நல்ல தண்ணி குடிச்சிட்டுப் போனா. உன் புண்ணியம்மா,” என்றான். “சின்னவளுக்கும் ரெண்டு நாளா விலாவுல குத்துதுங்கா. அது எந்தக் கடைன்னு சொல்லு. நடந்தாவது போயி வாங்கிட்டு வந்துருதேன்.”

சந்தனமாரி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு ஒன்பது வயது. சுடுகாட்டு வேலிக்கு வெளியே மற்ற பெண் பிள்ளைகளோடு நின்று, அம்மா எரியும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கடைய மூடிட்டாங்கண்ணே,” என்றாள்.

“மூடிட்டாங்களா,” என்றான் மாகாளி. கதவிலிருந்து கையை எடுத்தான். “சரிம்மா. நல்லது எது இங்க நெலைக்கி.”

அவள் ஊருக்குள் போகாமல் நேரே கடற்கரைச் சாலைக்கு ஓட்டினாள். உடைமரத்தடியில் நிறுத்தி, பிணம் தூக்கிய வண்டியைக் கழுவக்கூடச் செய்யாமல் அடியில் புகுந்து திருகைத் திறந்தாள். இன்றைக்கு நிச்சயம் உப்பாக வரும் என்று நினைத்தாள், துருவாக வரும், ரத்தமாகவே வந்தாலும் வரும் என்று நினைத்தாள், வரட்டும் என்று வாயைக் காட்டிக்கொண்டு கிடந்தாள். வந்தது நல்ல தண்ணீர்தான். கொஞ்சமும் குறையாமல், குளிர்ந்து, தித்தித்து, அவள் குடிக்கக் குடிக்க வந்துகொண்டே இருந்தது. வயிறு முட்டும்வரைக்கும் குடித்தாள். பிறகு எழுந்து, மூக்கையும் கன்னத்தையும் கழுத்தையும் முந்தானையால் அழுத்தித் துடைத்து, பக்கக் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கேயும் ஈரம் இல்லை என்று தெரிந்தபின் வண்டியை ஊருக்கு எடுத்தாள்.